பானைக்குள் போன சத்தம்

“இன்னைக்கு யாரு யாருக்கா வந்தாக?”

பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். பலகைக் கட்டிலில் என் தங்கை மலர் மல்லாந்து கிடப்பாள். இடுப்பிலிருந்து வலது பாதம் வரை மாவுக்கட்டு. தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்கக் கட்டின் விளிம்பில் அம்மா பழைய சேலைத் துணியைச் செருகி வைத்திருப்பாள். சுண்ணாம்பும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை அறையில் நின்றுகொண்டே இருக்கும்.

நான் கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறப்பேன்.

“கூழைக்கடா, மூணு. மஞ்சமூக்கு நாரை, பதினொண்ணு. நத்தைகுத்தி இருவது இருக்கும், சரியா எண்ண முடியல. கரண்டிவாயன் ரெண்டு. நீர்க்காகம் நெறைய. பாம்புத்தாரா ஒண்ணே ஒண்ணு.”

மலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.

“சரி. இப்பக் கதை.”

எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு எட்டு. நான் வாசித்த பட்டியலில் ஒரு பறவைகூட உண்மை இல்லை.

முதல் வரி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக: எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி சாலை என்று கடற்கரை ஓரமாக நிற்கும் வானிலைக் கருவிகளைச் சுத்தம் செய்து, சரிபார்த்து, பழுது நீக்குவது என் பொறுப்பு.

அவற்றில் மழைமானி எனக்குப் பிடித்தது. மேலே ஒரு புனல். உள்ளே சின்னஞ்சிறு கிண்ணம். கிண்ணம் நிறைந்தால் சாய்ந்து கொட்டிவிட்டு மறுபடி நிமிரும். எத்தனை முறை சாய்ந்தது என்பதுதான் மழை.

ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். அதன் முதல் வரி: புனலில் பறவை எச்சம் உள்ளதா? இரண்டாவது வரி: பறவைத் தடுப்பு ஊசிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா?

புனலின் விளிம்பில் பறவை உட்கார்ந்தால் எச்சம் விழுந்து துளை அடைத்துக்கொள்ளும். வெளியே கொட்டு கொட்டென்று மழை கொட்டும். கருவி மட்டும் மழையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் விளிம்பைச் சுற்றிக் கம்பி ஊசிகள் பொருத்துவோம்.

போன வாரம் இதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கடிதத்தில் கேட்டிருக்கிறார்: “அப்படியானால் பறவைகளை உட்காரவிடாமல் செய்வதற்குச் சம்பளமா, தங்கச்சி?” விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. காரணம் சொல்ல வேண்டுமானால் ஒரு தீபாவளிக்குப் போக வேண்டும்.

வெடி வெடிக்காத ஊர்

முதுகுளத்தூரிலிருந்து உள்ளே போகும் டவுன் பஸ்ஸில் கடைசிக்கு முந்தின நிறுத்தம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி மரங்கள் இடுப்பளவு மூழ்கி நிற்கும்போது பறவைகள் வரும். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனி வெயில் உறைப்பதற்குள் கிளம்பிவிடும்.

அவை இருக்கும் மாதங்களில் ஊருக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்துவது, வாரச்சந்தையை ரெண்டு தெரு தள்ளி நின்று கேட்பது போல் இருக்கும். பழகிவிட்டால் காதில் ஏறாது.

அதனால் எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச்சக்கரம் எல்லாம் கொளுத்தலாம். சத்தம் மட்டும் வரக் கூடாது. பலகையில் எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. எச்சம் கரைந்த கண்மாய்த் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பார்கள். காரணம் அந்த உரமா, பறவை மேல் உள்ள பாசமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒரு வருடம் தலைத்தீபாவளிக்கு மதுரையிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் பெரிய பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். எங்கள் பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா அவரை டீக்கடையிலேயே மறித்துவிட்டார்.

“வாங்க மாப்ள. பெட்டி பெருசா இருக்கே, மிட்டாயா?”

“வெடி மாமா. சரவெடி.”

“அடடா. அதப் பிரிக்காம அப்படியே வச்சிருங்க. இங்கன மேக்குத் தெருவுல ஒரு நூறு வீட்டுல பிள்ளத்தாச்சிக இருக்காக.”

“நூறு வீட்லயா?” மாப்பிள்ளை மிரண்டுவிட்டார்.

மாமா அவர் தோளைப் பிடித்துத் திருப்பிக் கண்மாயைக் காட்டினார். மரத்துக்கு மரம் கூடு. கூட்டுக்குக் கூடு ஒரு நாரை அடைகாத்துக்கொண்டு, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி வந்தபடியே மதுரைக்குத் திரும்பிப் போனது.

மடைச்சுவர்

வருடத்தின் முதல் பறவையை யார் முதலில் பார்ப்பது என்பதில் எனக்கும் மலருக்கும் போட்டி. புரட்டாசி பிறந்ததும் கண்மாய் மடையின் சுவரில் ஏறி உட்கார்ந்துவிடுவோம்.

அந்த வருடம் புரட்டாசி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. தண்ணீர் மடைவாய் வரைகூட ஏறவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. மலர் சுவரின் மேலேயே எழுந்து நின்றாள்.

“அக்கா, அந்தா! நாந்தான் மொதல்ல!”

காய்ந்த பக்கத்துக் கல்லில் விழுந்தாள். அந்தப் புள்ளி நெருங்கி வந்து எங்கள் தலைக்கு மேலே கரைந்துகொண்டு போனது. காக்கை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ராமநாதபுரத்தில் கட்டுப் போட்ட டாக்டர் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். “அசையாமக் கெடந்தா எலும்பு நேராச் சேந்துரும். பிள்ளை பொரண்டு பொரண்டு படுத்தா, கோணலாத்தான் சேரும். அப்புறம் மறுபடி ஒடைச்சுத்தான் வைக்கணும்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடும்போதுகூட ஓரிடத்தில் உட்காராத பிள்ளை மலர். அவளை எப்படி இரண்டு மாதம் அசையாமல் வைத்திருப்பது?

திரும்பி வரும் வேனில் நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்.

“நீ ஆடாம அசங்காம இரு. பறவை வந்ததும், தெனம் நான் போயி எண்ணி எழுதிட்டு வந்து சொல்றேன்.”

“ஒண்ணு விடாமச் சொல்லணும்.”

“ஒண்ணு விடாம.”

ஒரே ஒரு வெடி

தீபாவளி அன்று மாலை அம்மாவும் அய்யாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மலருக்கு நான் காவல். கம்பி மத்தாப்பைச் சன்னல் வழியாகக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பரமக்குடியில சித்தி வீட்டுல எல்லாம் வெடி போடுவாக.”

“இங்கன போடக் கூடாதுல்ல.”

“பறவைதான் இன்னும் வரலையே. ஒண்ணே ஒண்ணுக்கா. நான் பாக்கக்கூட வேணாம், கேட்டாப் போதும்.”

என் ஜாமெட்ரி பெட்டிக்குள் ஒரு லட்சுமி வெடி இருந்தது. சித்தி மகன் கொடுத்தது. மேலே ஒட்டியிருந்த படத்துக்காக வைத்திருந்தேன்.

அப்போதே நான் எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை. மனதுக்குள் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஊர் கோயிலில் இருக்கிறது, சரி. கொல்லைப்புறம் கண்மாய்க்கு எதிர்த்திசை, சரி. சத்தத்தை அமுக்க ஒரு மண்பானை.

மூன்றாவது சரியில்லை. பானை சத்தத்தை அமுக்கவில்லை. திரட்டி மொத்தமாகக் கொடுத்தது. பானை சில்லுச் சில்லாகப் போய்க் கொட்டகைத் தகரத்தில் மோதியது. ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கண்மாய்ப் பக்கமிருந்து அந்தச் சத்தம் ஒருமுறை திரும்பி வந்தது. உள்ளே மலர் கட்டிலே அதிரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாரிமுத்து மாமா வேலியோரம் வந்து நின்றார். “ஏத்தா வேணி, என்ன சத்தம் அது?”

“பானை விழுந்துருச்சு மாமா.”

அவர் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். கறுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“விழுந்த பானையில மருந்து வாசம் அடிக்குதே, தாயி.”

அவர் எங்கள் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். மலரின் சிரிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. கையிலிருந்த சில்லை முள்ளுக்காட்டுப் பக்கம் வீசிவிட்டு, “ஆட்டப் புடிச்சுக் கட்டு” என்று போய்விட்டார்.

பறவை வராத கார்த்திகை

கார்த்திகை பிறந்தது. பறவை வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். “ஊர்ல என்னமோ தப்பு நடந்திருக்குத்தா. பறவைக்கு எப்பிடியோ தெரிஞ்சு போகுது.” பக்கத்தில் நின்ற மாரிமுத்து மாமா, “மழையே பெய்யல, பறவை வந்து மண்ணத் திங்கவா? சோலியப் பாருங்க” என்று அதட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்க்காததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மழை பெய்யாதது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் உண்மையான காரணம் தெரியும் என்று நம்பினேன்.

வீட்டில் மலர் நெளிய ஆரம்பித்திருந்தாள். “இன்னும் வரலையா? நீ சரியாப் பாத்தியா?” என்று இடுப்பைத் தூக்கிச் சன்னலை எட்டப் பார்த்தாள். சன்னலை நிறைத்துக்கொண்டு மாரிமுத்து மாமா வீட்டுப் புளியமரம் நிற்கும். எட்டினாலும் கண்மாய் தெரியாது. அம்மா அவள் இரண்டு தோளையும் பிடித்து அமுக்கிக்கொண்டு அழுதாள்.

அப்போது சொன்னேன். “வந்துருச்சு மலரு. ரெண்டு நாரை.”

இடுப்பு கீழே இறங்கியது.

மறுநாள் அடுப்படியில் அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “நீ என்னமும் சொல்லிக்க. நான் ஒண்ணும் கேக்கல.”

அன்றிலிருந்து நான் கண்மாய்க் கரையில் ஏறவே இல்லை. வெறும் மரங்களைப் பார்க்க எனக்குத் துணிச்சல் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் வழியில் பம்புசெட் ரூமின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பட்டியல் போடுவேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பறவையும் அதில் வரும். வக்கா மட்டும் வராது. பகல் முழுக்கக் கூனிக்கொண்டு தூங்கும் அந்தச் சாம்பல் நிறப் பறவையைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு மாலை மலர் கேட்டாள்.

“ஏக்கா, இம்புட்டுப் பேரு வந்திருக்காக, ஒரு சத்தமும் கேக்கலையே?”

இதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். நோட்டில் விடை இல்லை.

“அதானே கதை” என்றேன். “அவுக சத்தத்தைப் பூராவும் எவனோ களவாண்டுட்டான்.”

வெள்ளைக்காடு

அப்படித்தான் வெள்ளைக்காடு பிறந்தது. எச்சம் விழுந்து விழுந்து மரம், இலை, மண் எல்லாம் வெள்ளையாகிப் போன பறவைகளின் நாடு. அங்கே போக ஒரே வண்டி கூழைக்கடா. அதன் தாடைப் பைக்குள் ஏழு பேர் உட்காரலாம். கண்டக்டர் மீன்கொத்தி, நிறுத்தம் வந்தால் தலைகீழாகக் குதித்துக் காட்டும். நீர்க்காகம் ஊருக்குச் சலவைக்காரர், எந்நேரமும் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி நிற்பார். கரண்டிவாயன் கூழ் கிண்டுபவர். பாம்புத்தாரா தண்ணீருக்குள் கழுத்தை மட்டும் வைத்து வேவு பார்க்கும். நத்தைகுத்திக்கு அலகு நடுவில் மூடாது என்பதால் அதனிடம் ரகசியம் தங்காது.

இவர்கள் எல்லோருடைய குரலையும் வெடியரசன் திருடிவிட்டான். அவனுக்கு உடம்பு கிடையாது, புகை மட்டும்தான். திருடிய குரல்களை ஒரு கறுப்புப் பானைக்குள் அடைத்து, ஏழு கண்மாய்களுக்கு அப்பால் ஒரு குகையில் வைத்திருந்தான். கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பசியைக்கூடச் சொல்ல முடியவில்லை.

பானையை மீட்க வெள்ளைக்கால் மலரால்தான் முடியும். அவளுடைய கால் அந்தக் காட்டின் வெள்ளை. அசையாமல் கிடந்தால் வெடியரசன் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். ஒரு விரல் அசைந்தாலும் பார்த்துவிடுவான்.

“கூழைக்கடா வாய்க்குள்ள மீன் நாத்தம் அடிக்காதா?”

“அடிக்கும். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போகணும்.”

“நீயும் வாறியா?”

“நான் எப்படி வர? நான் எழுதணும்ல.”

“அப்ப நான் ஒத்தையிலயா போறேன்?”

“ஆமா.”

விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சரி. போயிட்டு வாரேன்.”

கார்த்திகை முழுக்கப் போனாள். மார்கழியிலும் போனாள். ஒரு கண்மாயில் பாசிகள் அவள் காலைப் பிடித்துக்கொண்டன. இன்னொன்றில் தண்ணீருக்குப் பதில் வெயில் நிறைந்திருந்தது. கதையின் பயங்கரமான இடங்களில்கூட அவள் உடம்பு அசையாது. உள்ளங்கை மட்டும் வேர்த்திருக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள் குகைக்குள் நுழைந்துவிட்டோம். பானை முன்னால் இருந்தது. மூடி மேல் மலர் கை வைத்துவிட்டாள்.

“தொறக்கவா?”

“நாளைக்கு.”

மறுநாள் ராமநாதபுரத்தில் கட்டை அறுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால் வெண்டைக்காய்க் காம்பு போல் இருந்தது. எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நடக்கப் பழக்குவது, விட்டுப்போன பாடம், அரைப்பரீட்சை என்று நாட்கள் ஓடின. அவளும் கதை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தை முடிவில் அவளாக நடந்து கரைக்கு வந்தாள். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மரத்தில் ஒரு சுள்ளிகூடக் கூடாக இல்லை.

“போயிட்டாக போல” என்றாள்.

“ஆமா. இந்த வருசம் சீக்கிரமாவே கெளம்பிட்டாக.”

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

மழைக் கணக்கு

அடுத்தடுத்த வருடங்களில் மழை வந்தது, பறவைகளும் வந்தன. இரைச்சலும் வந்தது. நான் படித்து வேலைக்கு வந்த பிறகு, எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு நேரத்தில் பழைய மழைப் பதிவுகளைத் தோண்டினேன். அந்த வருடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பக்கத்து வருடங்களின் எண்களுக்கு நடுவில் பள்ளம் போலத் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வளர்ந்த நாரைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான குரலே கிடையாது. அலகோடு அலகைத் தட்டும், அவ்வளவுதான். கத்துவதெல்லாம் குஞ்சுகள். நான் பயத்தில் உளறிய கதையில் பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.

ஆக, வெடி காரணமில்லை. அந்த வருட மழைக் கணக்குத் தாளை நானே அச்செடுத்து வைத்திருக்கிறேன். பம்புசெட் ரூம் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் வழியில்லை.

தனுஷ்கோடி சாலையில்

மலர் நர்ஸுக்குப் படித்தாள். சில வருடங்களாக மஸ்கட்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம் வருவாள். அந்த மாதத்தில் பாதி கல்யாணம், காதுகுத்து, துக்கம் கேட்டல் என்று உறவுக்குப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியை அம்மா எடுத்துக்கொள்வாள். என் பங்குக்கு இரண்டு நாள் மிஞ்சும்.

போன முறை அந்த இரண்டு நாளில் ஒன்றை என்னோடு வேலைக்கு வந்தாள். என் ஸ்கூட்டியின் பின்னால் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பாம்பன் பாலத்தில் காற்று அடித்தபோது என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். ராமேஸ்வரம் தாண்டி, இரண்டு பக்கமும் நீர் விரியும் இடத்தில் என் மழைமானி நிற்கிறது. தூரத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வெளிர்ச் சிவப்புக் கோடாக நின்றன. உப்பும் பாசியும் கலந்த வாசனை.

நான் ஏணியில் ஏறினேன். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். புனலில் எச்சம் இருந்தது. ஒரு ஊசி வளைந்திருந்தது.

“நல்ல வேலக்கா ஒனக்கு. சின்னதுல பறவையக் கூட்டியாந்த, இப்ப வெரட்டுற.”

ஏணியின் மேல் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“மலரு, அந்த வருசம் பறவையே வரல.”

“தெரியும்.”

“நான் வெடி போட்டதாலதான் வரலன்னு நெனச்சு, ஒங்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் சிரித்ததில் ஏணி ஆடியது. “ஒத்த லட்சுமி வெடிச் சத்தம் சைபீரியா வரைக்கும் கேட்டுருச்சாக்கும்!”

“சிரிக்காதடி. எப்ப தெரியும் ஒனக்கு?”

“மொத நாளே. நான் படுத்துக் கெடந்தவக்கா. எனக்குக் காது மட்டுந்தான் வேல செஞ்சுச்சு. கண்மாய்ல ஆள் தும்முனாக் கேக்கும், பறவை வந்தாக் கேக்காதா?”

“அப்புறம் ஏன் தெனம் கேட்ட?”

“நீ மூச்சு வாங்க ஓடி வருவ. நோட்ட வேற எடுத்துருவ. கேக்காம என்ன செய்ய?”

வளைந்த ஊசியை நிமிர்த்திவிட்டு இறங்கினேன். அவள் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரலன்னும் சொல்ல முடியாது” என்றாள். “ஒண்ணு வந்துச்சு.”

“எது?”

“வக்கா. மாரிமுத்து மாமா வீட்டுப் புளியமரத்துல. விடியக்காலையில வந்து உள்கொப்புல ஒக்காரும். நின்னு பாத்தாத் தெரியாது, படுத்துப் பாத்தாத்தான் தெரியும். பொழுது சாயவும் கெளம்பிப் போகும். அது அங்கிட்டுப் போக, நீ இங்கிட்டு வருவ.”

“தெனமுமா?”

“தெனமும். நான் செத்த அசைஞ்சாப் போதும், கழுத்தத் தூக்கி என்னையப் பாக்கும். பறந்துருமோன்னு பயம். அதும் அசையாது, நானும் அசைய மாட்டேன்.”

நான் அந்தப் பதிலைச் சரியாகக் கேட்டேனா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

“நீ அசையாமக் கெடந்தது என் கதைக்காகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“கதை சாயங்காலத்துக்கு. பகல் எம்புட்டு நீளம்னு ஒனக்குத் தெரியாதுக்கா.”

காற்று அவள் துப்பட்டாவைக் கருவிக் கம்பத்தில் சுற்றியது. எடுத்துவிட்டேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒன் லிஸ்ட்டுல அது இல்ல. சொன்னா நீ எழுதிக்குவ.” துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, “அது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு இருந்துச்சு” என்றாள்.

ஒன்று விடாமல் சொல்வதாக வாக்குக் கொடுத்தவள் நான். இருபது நத்தைகுத்திகளை எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் சன்னலுக்கு வெளியே, என் பட்டியலில் இடம் கிடைக்காத ஒன்று தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வண்டியைக் கிளப்பும்போது அவள் என் முதுகில் குத்தினாள். “என்னையப் பானை மூடியில கை வைக்கச் சொல்லிட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்ட. இன்னும் அங்கனதான் நிக்கிறேன், ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. மதுரை விமான நிலையத்தில் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்று அவள் உள்ளே போனபோதும் இருந்தது. எட்டு வயதில் சொன்ன அதே குரல். அன்றும் நான் கூடப் போகவில்லை.

இந்த வாரம்

இந்த வருடமும் மழை கம்மி. இரண்டு நாள் முன்பு மதியம் தனுஷ்கோடி சாலைக் கருவிக்குப் போனேன். நீர் உள்வாங்கி, கரையோரம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பூநாரைக் கோடு இல்லை. புனலை எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. என் பட்டியலின் முதல் வரிக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். அது நல்ல செய்தி என்றுதான் அந்தத் தாளில் பொருள்.

அப்போது போன் அதிர்ந்தது. மஸ்கட்டில் அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. குரல் செய்தி. பின்னால் தட்டுகள் உரசும் சத்தம்.

“இன்னைக்கு யாரு யாருக்கா வந்தாக?”

கூழைக்கடா மூன்று, மஞ்சமூக்கு நாரை பதினொன்று என்று என் வாய்க்குத் தானாக வரும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஒருமுறை சுற்றிலும் பார்த்தேன்.

“யாரும் வரல, மலரு.”

அனுப்பிவிட்டு நின்றேன். பதில் உடனே வந்தது.

“சரி. இப்பக் கதை.”

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டி, போனை வாயருகே வைத்துக்கொண்டேன்.

“பானைக்கு முன்னாடி நீ நிக்கிற. மூடி மேல ஒன் கை இருக்கு. பானைக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள்ள, ஒரு வக்கா கூனிக்கிட்டு ஒக்காந்திருக்கு. அசையல. நீ வந்ததுல இருந்து அது அங்கனதான் இருக்கு, மலரு. நாந்தான் பாக்கல.”